நான்காம் பகுதியில் விழுந்த மரம்

அன்பு மகனே,

உன் ஆய்வேட்டில் சேர்க்க நீ கையொப்பத்துக்காக விட்டுச்சென்ற தாள் நான்கு நாட்களாக அலுமாரியின் மேலே, உன் அப்பாவின் தையல் கத்தரிக்கோலின் பாரத்துக்கு அடியில் இருக்கிறது. ‘மேற்கண்ட பதிவுகள் அனைத்தும் என்னால் நேரில் கண்டு எழுதப்பட்டவை’ என்ற வரிக்குக் கீழே நான் என் பெயரை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ பேராதனையிலிருந்து வந்து அதை எடுத்துச் செல்வாய். அடுத்த மாதம் விமானம் ஏறுவாய். இதற்கு அம்மாவுக்கு அரை நிமிடம் போதும் என்று நீ எண்ணியிருப்பாய். நானும் அவ்வாறே எண்ணினேன். கதிரையை இழுத்துப் போட்டு, பேனையைத் திறந்து, தாளை நேராக வைத்தேன். பிறகு எழுந்துவிட்டேன். அன்று முதல் ஒரு நாளில் மூன்று தடவை உட்காருகிறேன், மூன்று தடவை எழும்புகிறேன். “கையெழுத்து வரலேன்னா கைநாட்டு வச்சுக் குடு. ஒம் மகன் ஒண்ணும் சொல்ல மாட்டான்” என்று உன் அப்பா மெஷினை மிதித்தபடியே கேலி செய்கிறார். நேரில் சொல்ல முயன்றால் நீ இடைமறிப்பாய், நான் கோபப்படுவேன், சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். எழுத்தில்தான் நான் எப்போதும் ஒழுங்காக இருந்திருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன். படித்தபின் உன் பேராசிரியருக்கும், உன்னோடு படிப்போருக்கும் இதைக் காட்டலாம் என்று தோன்றினால் காட்டு. தோன்றாவிட்டால் வேண்டாம். எது சரி என்று எனக்கே விளங்கவில்லை.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது உனக்குத் தெரியும். நாவலப்பிட்டிக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் அதற்கு அப்பால் வகுப்பு இல்லை. மிகுதியை நானே தேடிக்கொண்டேன். சீனி சுற்றி வந்த கடதாசியையும், மருந்துப் போத்தலோடு வந்த விளக்கத்தாளையும், பின்னாளில் அட்டை கிழிந்த ஓர் அகராதியையும் படித்தே நான் ஆளானேன். கலியாணமாகி மஹய்யாவவுக்கு வந்த பிறகு, வாவிக்கு மேலேயுள்ள காப்புக்காட்டின் சிறிய கந்தோரில் கூட்டித் துடைக்கவும் தேநீர் ஊற்றவும் வேலை கிடைத்தது. அங்கே சுவரில் வண்ணத்துப்பூச்சிகளின் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒரு நாள் அதிகாரியின் மேசையில் தேநீரை வைத்துவிட்டு, சுவரிலிருந்த ஒரு படத்தைக் காட்டி, “மஹத்தயா, நீங்க எழுதியிருக்கிறது இந்தப் பூச்சி இல்ல. நேத்து ஜன்னல்ல இருந்ததுக்குக் கீழ் றெக்கையில ரெண்டு கண்ணு, இதுக்கு ஒண்ணுதான்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த வாரம் துடைப்பத்தோடு சேர்த்து ஒரு பதிவேட்டையும் என்னிடம் தந்தார். உன் அப்பா ஊர் முழுக்க, “எம் பொண்டாட்டிக்குப் பதவி உயர்வு, இனி பூச்சிகளுக்கு மேஸ்திரி” என்று சொல்லித் திரிந்தார்.

வண்ணத்துப்பூச்சி எண்ணும் முறையை நீ என்னைவிட நன்றாக அறிவாய். ஆயினும் நான் அதை எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டுப் பாதை ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய காலையில், ஒரே நடையில் நடக்க வேண்டும். இரு புறமும் இரண்டரை மீற்றர், முன்னால் ஐந்து மீற்றர். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் வரும் வண்ணத்துப்பூச்சியை மட்டுமே எண்ணலாம். திரும்பிப் பார்க்கக் கூடாது. பாதையை விட்டு இறங்கவே கூடாது. எதற்காக எண்ணுகிறோம் என்று கேட்டபோது அதிகாரி நிதானமாக விளக்கினார். ஒரு மரம் தன் நோயைச் சொல்லி முடிக்க ஐம்பது ஆண்டு எடுக்கும், ஒரு வண்ணத்துப்பூச்சி ஒரே பருவத்தில் சொல்லிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு புழுவும் தனக்குரிய செடியைத்தான் தின்னும், செடி போனால் பூச்சி போய்விடும் என்றார். இன்னொன்றும் சொன்னார். எண்ணிக்கை கூடினால் காடு நலம் என்று மகிழ்ந்துவிடாதே, வந்திருப்பது யார் என்று பார் என்றார். நிழல் விரும்பிகள் குறைந்து வெயில் விரும்பிகள் பெருகினால், எங்கோ காட்டின் கூரை பிய்ந்திருக்கிறது என்று பொருள். அவற்றுக்குத் தமிழில் பெயர் எழுத என்னிடம் புத்தகம் இருக்கவில்லை. நானே சூட்டினேன். அடர்ந்த நிழலில் கிழிந்த தாள் போல மிதந்து வரும் பெரிய வெள்ளைப் பூச்சிக்குக் கடதாசி அரசி என்றும், தகரைச் செடியில் முட்டையிடும் சிறு மஞ்சளுக்குத் தகரை மஞ்சள் என்றும் எழுதினேன். உன் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்தப் பெயர்களை அப்படியே வைத்திருக்கிறாய். அதைக் கண்டபோது எனக்கு உண்டான பெருமையை மறைக்கமாட்டேன். அந்தப் பெருமையே இப்போது என்னைக் கையொப்பம் இடவிடாமல் தடுக்கிறது.

போன மாதம் நீ பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்கிக் கேட்டாயே, “அம்மா, ‘தெரியாது’ன்னு ஒரு கட்டம் இருக்கு. இத்தனை வருசத்துல அதுல ஒரு கோடுகூட இல்ல. அது எப்படி?” என்று. “எனக்குத் தெரிஞ்சிருந்தது, எழுதினேன்” என்று விறைப்பாகச் சொன்னேன். நீ சிரித்தாய், நம்பியும்விட்டாய். மகனே, அது உண்மையல்ல. பார்த்த கணத்தில் பறந்துபோகும் சின்ன நீலங்களையும், ஒன்றுபோல் ஒன்று இருக்கும் பழுப்புகளையும் யாராலும் முழுமையாக இனங்காண முடியாது. கற்றவர்கள் கூசாமல் ‘தெரியாது’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஐந்தாம் வகுப்புக்காரிக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. எழுதினால், “பார், துடைப்பம் பிடித்த கை” என்று எவரோ நினைப்பார்கள் என்று தோன்றும். ஆகவே எது அருகில் தோன்றியதோ அந்தப் பெயரில் சேர்த்துவிடுவேன். அவை சிறு பிழைகள், உன் முடிவை அசைக்கமாட்டா. ஆனால் ‘தெரியாது’ என்று எழுதப் பழகாத கை பெரிய இடத்திலும் எழுதாமல் விட்டுவிடும். அந்தப் பெரிய இடம்தான் நான்காம் பகுதி.

உன் ஆய்வு முழுவதும் நான்காம் பகுதியின் மேல் நிற்கிறது. ஒரு பெருங்காற்றில் மரம் சாய்ந்தது, வெளிச்சம் புகுந்தது, கடதாசி அரசி மறைந்து தகரை மஞ்சள் பெருகியது, பல ஆண்டுகளுக்குப் பின் யாரும் கை வைக்காமலே அரசி திரும்பியது, ஆகவே காப்புக்காட்டில் இயற்கையாக விழும் இடைவெளிகளை அப்படியே விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். காற்றில் மரம் சாய்ந்தது என்பதற்கு உன்னிடமுள்ள ஒரே சான்று என் கையெழுத்தில் உள்ள ஒரு வரி. முன்னுரையில் வேறு, ‘எனக்கு மூன்று வயதாக இருந்தபோது அம்மாவும் அப்பாவும் என்னைக் காட்டுக்குள் இரண்டு நாள் உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றார்கள், என் ஆர்வம் அங்கே தொடங்கியது’ என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு உன் அப்பா மெஷினை நிறுத்தினார். பிறகு, “உல்லாசமாம்” என்றார்.

அது ஆடிக் கலவரம், தமிழர் வீடுகளைத் தேடித் தாக்கிய நாட்கள். உனக்கு அதை வேறு விதமாகச் சொல்லி வளர்த்தவள் நான். நகரத்தின் பக்கம் புகை எழுந்த நண்பகலில், எங்கள் வரிசை வீடுகளிலிருந்து ஓட வேண்டியதாயிற்று. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரு பாதை மட்டும் கண்ணை மூடினாலும் தெரியும். காட்டின் பின்வாசலில் சிங்களக் காவலர் முதியான்சே நின்றார். கந்தோரில் தினம் என் கையால் தேநீர் குடிப்பவர், என்னை நங்கி என்று, தங்கையாகவே, அழைப்பவர். என் பின்னால் வந்த எங்கள் கூட்டத்தைப் பார்த்தார், பூட்டைத் திறந்தார், “போங்க நங்கி, உள்ளுக்கு. நான் யாரையும் பாத்தது இல்ல” என்றார். இருபத்தொரு பேர் நுழைந்தோம். உன் அப்பா தையல் மெஷினின் தலையைக் கழற்றிச் சேலையில் சுற்றிக் குழந்தை போலத் தோளில் போட்டிருந்தார். நீ என் இடுப்பில் இருந்தாய். “ரெண்டையும் மாத்திக் குடுத்துறாதீங்க” என்று பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா அந்த நேரத்திலும் சொன்னாள். பயத்தில் சிலர் சிரித்தார்கள்.

நான்காம் பகுதிதான் மிகவும் அடர்ந்தது. அங்கே முதல் தடவையாகப் பாதையை விட்டு இறங்கினேன், இருபது பேரை இறக்கினேன். ஈரத்தில் படுக்க முடியாது என்று கீழ்ச்செடிகளை வெட்டிப் பரப்பினோம். சாரல் வந்தது, சேலைகளை விரித்துக் கட்டக் கயிறு இல்லை. “எதுல கட்டுறது?” என்று உன் அப்பா கேட்டார். நான் சுற்றிப் பார்த்தேன். பால் வடியும் ஒரு காட்டுக்கொடி மரங்களில் ஏறியிருந்தது. எளிதில் அறுந்துபோகாத நார் அதற்கு. கடதாசி அரசியின் புழு அதைத்தான் தின்னும் என்பது எனக்குத் தெரியும். கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட புழுக்கள் இலைகளில் இருந்ததையும் கண்டேன். “அந்தக் கொடியை அறுங்க, அதுதான் தாங்கும்” என்று சொன்னவள் நான். எட்டின இடமெல்லாம் அறுத்தோம். எங்கள் கைகளிலெல்லாம் பால் பிசுபிசுத்தது. மறுநாள் காலையில் பாதையில் ஆட்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. யார் என்று தெரியவில்லை. எல்லோரும் முகத்தை மண்ணில் வைத்துப் படுத்தோம். நீ மட்டும் மல்லாந்து கிடந்தாய். வாயைத் திறந்துவிடுவாயோ என்ற அச்சத்தில், “மேலே பறக்கிறதை மனசுக்குள்ளேயே எண்ணு சாமி, அம்மாகிட்ட விரல்ல காட்டு” என்று உன் காதில் சொன்னேன். நீ சத்தம் போடவில்லை. ஆட்கள் போய்விட்டார்கள்.

ஊரடங்கு தளர்ந்து வீடு திரும்பியபோது வீட்டில் கதவு இல்லை. சில வாரங்களில் மீண்டும் பதிவேட்டோடு நடந்தேன். நான்காம் பகுதியில் அரசி இல்லை. அடுத்த மாதமும் இல்லை. வெயில் விழுந்த தரையில் தகரை முளைத்தது, மஞ்சள்கள் பொரி போலச் சிதறின. அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “இங்கே என்ன நடந்தது?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் பூட்டைத் திறந்த முதியான்சேயின் வேலை போகும். காட்டில் ஒளிந்த தமிழர்கள் யார் என்று யாரோ கேட்பார்கள். ‘பெருங்காற்றில் மரமொன்று சாய்ந்தமையால் ஒளி புகுந்தது’ என்று அழகாக எழுதி நீட்டினேன். எந்த மரமும் சாய்ந்திருக்கவில்லை. அவர் வாசித்துவிட்டு, “நல்லது, நாளைக் காலை போய்ப் பார்ப்போம்” என்றார். முதியான்சே அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்றைய பகலை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே நினைவில்லை. மறுநாள் அதிகாரியின் பின்னால் நடந்தேன். பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளச் சொற்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே நடந்தேன். நான்காம் பகுதியில், நாங்கள் படுத்திருந்த இடத்தின் மேல், ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்து கிடந்தது.

அதிகாரி தலையசைத்துவிட்டுப் போனார். நான் முதியான்சேயைப் பார்த்தேன். “அது எப்படி?” என்றேன். “காத்து, நங்கி” என்றார். “நேத்து எங்கே காத்து?” என்று கேட்டேன். “காட்டுக்குள்ளே இருக்குது. ரோட்டுலே தெரியாது” என்று சொல்லிச் சிரித்தார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சில வருடங்களில் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார், அங்கேயே இறந்தும்விட்டார். அது ஆடி முடிந்த காற்றுக் காலம்தான். மரம் தானாகவே விழுந்திருக்கலாம். அவர் ஆள் வைத்து விழுத்தியிருக்கவும் கூடும். எங்களுக்காக அவர் அதைச் செய்திருந்தால், நாங்கள் இரண்டு நாளில் காட்டுக்குச் செய்ததைவிடப் பெரிய கேட்டை என் ஒரு வரி செய்திருக்கிறது. அடிமரத்தைப் போய்ப் பார்த்திருந்தால் வேர் பெயர்ந்ததா, கோடரி பட்டதா என்று அன்றே தெரிந்திருக்கும். அது பாதையிலிருந்து பத்து எட்டுக்கூட இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாரம்தோறும் அதைக் கடந்தேன், ஒரு தடவையும் இறங்கவில்லை. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி அல்லவா? விதிக்குப் பின்னால் இவ்வளவு காலம் ஒளிந்துகொள்ளலாம் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இப்போது என் குழப்பத்தைக் கேள். காற்றுதான் என்றால் உன் முடிவு சரி, என் பொய் தற்செயலாக உண்மையாகிவிட்டது. கோடரி என்றால் உன் முடிவு பிழை. அப்படியும் முழுப் பிழையா? மனிதர் வெட்டியும் காடு தானே மூடிக்கொண்டதே, அது இன்னும் பெரிய செய்தி அல்லவா? அல்லது மரத்துக்கும் அரசிக்கும் தொடர்பே இல்லையோ, கொடி போனதால் போனவள் கொடி வந்ததால் வந்தாளோ? அப்படியானால் இடைவெளிகளைச் சும்மா விட்டுவிடுங்கள் என்று நீ எழுதுவதை நம்பி, கொடியில்லாத இடங்களையும் விட்டுவிடுவார்கள், அங்கே அரசி வரவேமாட்டாள். இதையெல்லாம் யோசித்துவிட்டு, வேறொன்றையும் யோசிக்கிறேன். தமிழர்கள் காட்டில் ஒளிந்திருந்தார்கள் என்று உன் ஆய்வேட்டில் ஒரு வரி இருந்தால், இந்த யுத்தக் காலத்தில் அதை யார் எப்படிப் படிப்பார்கள்? பேருந்தை விட்டு இறக்கிப் பையைச் சோதிக்கிறவனுக்கு ஆடிக் கலவரத்தில் ஒளிந்த மூன்று வயதுப் பிள்ளை விளங்குமா? உண்மையைச் சொல் என்று உனக்குக் கற்றுத்தந்தவள் நான். வாயை மூடிக்கொண்டு எண்ணு என்று கற்றுத்தந்தவளும் நான்தான். இரண்டில் எது உன்னை இதுவரை உயிரோடு கொண்டுவந்தது?

நேற்றுக் காலை உன் அப்பாவை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். “முட்டி வலிக்குது, மரத்தைப் பாக்க என்னை ஏன் இழுத்துட்டுப் போற?” என்று வழி முழுக்க முணுமுணுத்தார், ஆனால் வந்தார். நான்காம் பகுதியில் நின்றோம். பாதையிலிருந்து இறங்க என் கால் மறுத்தது. அவர் முதலில் இறங்கிக் கையை நீட்டினார். மரம் உளுத்து, பாசி மூடி, தொட்டால் உதிர்ந்தது. அடியில் ஒரு மேடு இருந்தது. வேர்மண் பெயர்ந்த மேடாக இருக்கலாம், கறையான் புற்றாகவும் இருக்கலாம். குச்சியால் கிளறினேன். ஒன்றும் சொல்லவில்லை அது. “அன்னைக்கு நான் காத்துச் சத்தம் கேட்டேன்” என்றார் உன் அப்பா. “என்னைக்கு?” என்றேன். யோசித்தார். “அதான் தெரியல” என்றார். பிறகு குனிந்து, மரத்தின் மேல் படர்ந்திருந்த ஒரு கொடியின் நுனியைக் கிள்ளினார். விரலில் பால் வந்தது. “இதைத்தானே அறுத்தோம்?” என்று என்னிடம் காட்டினார். ஆம், அதுதான். தானாக முளைத்ததா, ஓய்வு பெறும் முன் அந்த மனிதர் கொண்டுவந்து நட்டாரா, அதுவும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பழைய பதிவேட்டை எடுத்தேன். கந்தோரில் கற்றுத்தந்தபடி, கீழே உள்ளது வாசிக்கக்கூடியவாறு ஒற்றைக் கோட்டால் ‘பெருங்காற்றில்’ என்பதை அடித்தேன். என் வாழ்நாளில் பதிவேட்டில் நான் அடித்த முதற்சொல் அது. பக்கத்தில், ‘இவ்விடத்தில் இருபத்தொரு பேர் இரண்டு நாட்கள் தங்கினோம், கீழ்ச்செடிகளையும் கொடியையும் வெட்டினோம், மரம் விழுந்த காரணம்’ என்று எழுதி, ‘தெரியாது’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். நேற்றைய திகதியும் என் கையொப்பமும் இட்டிருக்கிறேன். உன் தாளிலும் கையொப்பம் இட்டாயிற்று, ஆனால் ‘அனைத்தும்’ என்ற சொல்லை அடித்திருக்கிறேன். இதை உன் ஆய்வேட்டில் எப்படிச் சேர்ப்பாய், சேர்ப்பாயா, பயணத்துக்கு முன்னா பின்னா என்பதை நீ தீர்மானி. எதைச் செய்தாலும் உன் அம்மா உன் பக்கம் நிற்பாள். ஆனால் அறியாமல் செய்யாதே. அறிந்து செய். இவ்வளவுதான் நான் சொல்லக்கூடிய அறிவுரை.

ஒரு வரியை மட்டும் நான் திருத்தவில்லை. உன் வரைபடத்தில் எண்ணிக்கை சரிவதற்குச் சற்று முன், நான்காம் பகுதியில் கடதாசி அரசியின் கடைசிப் புள்ளி ஒன்று இருக்கிறது: நான்கு. அந்த வாரம் நான் நடக்கவில்லை, மகனே. முகத்தை மண்ணில் வைத்துப் படுத்திருந்தேன், ஒன்றையும் காணவில்லை. ஆட்கள் போன பிறகு நீ என் முகத்தருகே நான்கு விரல்களை நீட்டினாய். “என்ன நிறம்?” என்று கேட்டேன். “வெள்ளக் கடதாசி” என்றாய். அதைத்தான் வீடு திரும்பியதும் எழுதினேன். அந்த வயதில் நீ ஒன்று, இரண்டு, நான்கு என்றுதான் எண்ணுவாய், மூன்று உன் வாயில் வந்ததில்லை. ஆகவே அன்று பறந்தவை மூன்றா நான்கா என்பதை என்னால் சொல்ல முடியாது. அந்த இடத்தில் மல்லாந்து கிடந்து மேலே பார்த்தவன் நீ ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை வரும்போது பதிவேட்டைக் கதிரையின் மேல் திறந்து வைத்திருப்பேன். அந்த ஒரு வரிக்கு நீ கையொப்பம் இட வேண்டும்.

உன் அம்மா